பழைய சாடி மண்ணில் மறுபடியும் பேர்ன் நடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

"அக்கா, பழைய மண்ணைக் கொட்டி, எரு கலந்துதான் திரும்ப நட்டனான். ஏன் இன்னும் நுனி கருகுது?"

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் நாலாம் மாடித் தங்கச்சி, வாடிப்போன பொஸ்டன் பேர்ன் ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து கேட்டது இது. இதே கேள்வியோடு வேறு பலரும் வந்திருக்கிறார்கள். அநேகமாக எல்லோரும் ஒரே பிழையைத்தான் விட்டிருந்தார்கள்: எருவை முதலில் சேர்த்திருந்தார்கள்.

பேர்னுக்கு வேர் மயிர் போல மெல்லியது. தண்ணீரும் காற்றும் ஒன்றாகக் கிடைக்கிற மண்ணில்தான் அது ஓடும். சாடியில் போட்ட தும்புச்சோறும் (தேங்காய்மட்டைத் தூள்) எருவும் ஒன்றிரண்டு வருடத்தில் உக்கிப் பொடியாகி, காற்று போகிற இடைவெளிகளை அடைத்துவிடுகின்றன. போட்ட பசளையின் உப்பும் அதிலேயே தங்குகிறது. அந்தப் பொடிக்குள் மேலும் எருவைக் கொட்டினால் பொடியும் உப்பும்தான் கூடும்.

ஆகவே ஒழுங்கு இது: காயவைத்தல், அரித்தல், கழுவுதல், சூடாக்குதல், அதன் பிறகே சேர்த்தல், ஆறவிடுதல், நடுதல். இடம் மாற்றினால் செய்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டி வரும். பள்ளிக்கூடத்தில் பன்னம் என்று படித்ததும் இந்தியாவில் பெரணி என்பதும் இதைத்தான். கடையிலும் வீட்டிலும் பேர்ன் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

1. எந்த மண்ணை எடுக்கக்கூடாது

முதலில் பழைய கன்று எப்படிச் செத்தது என்று யோசியுங்கள். அடித்தண்டு கறுத்து அழுகிச் செத்திருந்தால் அந்த மண்ணை விடுங்கள். வீட்டில் செய்யும் சூடாக்கல் அழுகல் பூஞ்சணம் எல்லாவற்றையும் முற்றாக அழிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஒரு சாடி மண்ணுக்காக நல்ல கன்றைப் பணயம் வைக்க வேண்டாம்.

வேரைத் தாக்கும் நுண்ணிய வட்டப்புழுவால் வேரில் வீக்கம் இருந்தாலும் விடுங்கள். ஆனால் இங்கே ஒரு குழப்பம் உண்டு. கொழும்பு வீடுகளில் நிறையக் காணப்படும் வாள் போன்ற இலைப் பேர்ன், நெப்ரோலெப்பிஸ் கோர்டிபோலியா, மண்ணுக்குள் சிறு உருண்டைக் கிழங்குகள் விடும். அதை வட்டப்புழு நோய் என்று நினைத்து மண்ணையும் கன்றையும் சேர்த்து எறிந்தவர்களைக் கண்டிருக்கிறேன். ஒன்றைக் கிள்ளி எடுத்துப் பாருங்கள். கிழங்கு மெல்லிய கொடியில் தொங்கும், மேலே பழுப்புச் செதில் இருக்கும், இலகுவாகக் கழன்று வரும், வெட்டினால் உள்ளே நீர்ச்சத்தோடு மொறுமொறுப்பாக இருக்கும். வட்டப்புழு வீக்கம் அப்படிக் கழன்று வராது. வேரே அந்த இடத்தில் தடித்து முண்டு முண்டாக இருக்கும்.

செம்மண் மிகுந்த மண்ணும் வேண்டாம். வீதியோரத்தில் பையில் விற்கிற மண்ணில் பெரும்பகுதி செம்மண்ணாக இருப்பதுண்டு. கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மிச்சத்துக்குத் தண்ணீரும் விட்டுக் குலுக்கி, அடுத்த நாள் பாருங்கள். படிந்ததில் பாதிக்கு மேல் வழுவழுப்பான களியாக இருந்தால், அது கறிவேப்பிலைக்கு உதவும், பேர்னுக்கு உதவாது.

2. எடுத்து வைக்க வேண்டியவையும் காலமும்

பெரிய கண் வலை ஒன்று (ஆறு மில்லிமீற்றர் அளவு போதும்), சமையலுக்கு இனிப் பயன்படாத மா அரிதட்டு ஒன்று, துளை போட்ட வாளி, துளை இல்லாத வாளி, நுளம்பு வலைத் துண்டு, இறப்பர் கையுறை, முகக்கவசம்.

கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். மெலியொய்டோசிஸ் நோயை உண்டாக்கும் பற்றீரியா இலங்கை மண்ணில் இருக்கிறது. காயத்தின் வழியாகவும் தூசியின் வழியாகவும் உடலுக்குள் போகக்கூடியது. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். எங்கள் வீடுகளில் நீரிழிவு இல்லாத குடும்பம் எது? காலிலோ கையிலோ புண் இருந்தால் இந்த வேலையை இன்னொருவரிடம் கொடுங்கள்.

காலம் என்றால் ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை. கொழும்பில் மழை குறைந்து வெயில் நின்று எரிக்கிற காலம் அது. மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கிய பின் மண் காய்வது பெரும்பாடு. அப்போது செய்துதான் ஆகவேண்டும் என்றால், ஆறாவது படியில் சொல்கிற ஆவி முறையைப் பிடியுங்கள்.

3. காயவைத்து உதிர்த்தல்

சாடியைக் கவிழ்த்து, மண் கட்டியைக் கையால் உடைத்து, பொலித்தீனில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். நல்ல வெயிலில் இரண்டு நாள். ஈர மண்ணை அரித்தால் அரிதட்டு அடைபடும். பொடி தானாகக் கழன்று விழ, மண் காய்ந்திருக்க வேண்டும்.

பரப்பும்போதே வேர், கல், பழைய பசளை உருண்டை, நத்தை முட்டை எல்லாவற்றையும் பொறுக்குங்கள். நத்தை முட்டை வெள்ளைக் கடுகுபோல் கூட்டமாக இருக்கும். வேரில் வெள்ளைப் பஞ்சுபோல் ஒட்டியிருந்தால் அது வேரைத் தாக்கும் வெண்மூட்டுப்பூச்சி. அந்த வேர்களைத் தனியாகப் பையில் கட்டி எறியுங்கள்.

4. அரித்தல்

என் கணக்கில் இந்த வேலை முழுவதிலும் அதிகம் பலன் தருவது இந்தப் படி. அதிகம் பேர் தாண்டிப் போவதும் இதைத்தான்.

முதலில் பெரிய கண் வலை. மேலே தங்குகிற வேர்த் துண்டுகளை எறிந்துவிட்டு, பொச்சுமட்டைத் துண்டு, கரி, ஓட்டுத் துண்டு ஆகியவற்றை எடுத்து வையுங்கள். அவை நொறுங்காமல் இருந்தால் திரும்பவும் பயன்படும்.

கீழே விழுந்ததை மா அரிதட்டில் போடுங்கள். மேலே தங்குவதே உங்களுக்கு வேண்டிய மண். கீழே விழுகிற பொடி வேண்டாம். புதிதாகச் செய்பவர்கள் இங்கே தலைகீழாகச் செய்வார்கள். மா அரித்துப் பழகிய கைக்கு, கீழே விழுகிற மிருதுவானதுதான் நல்லது என்று தோன்றும். அந்த மிருதுதான் தண்ணீர் பட்டவுடன் களியாகி வேரை மூச்சுத் திணற வைக்கிறது.

இரண்டு வருடம் கிடந்த மண்ணில் எனக்கு அநேகமாக மூன்றில் ஒரு பங்கு பொடியாகப் போகிறது. மனம் வராவிட்டால் அதைப் பொன்னாங்காணிச் சாடியிலோ கறிவேப்பிலையிலோ போடுங்கள். பாதிக்கு மேல் பொடியாகப் போனால் அந்த மண் முடிந்துவிட்டது. மிச்சத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

கழுவுவதற்கு முன் அரிப்பதன் காரணம் இதுதான்: பொடியோடு கழுவினால் தண்ணீர் கீழே இறங்காது, மேலேயே சேறாகி நிற்கும்.

5. உப்பைக் கழுவுதல்

மண்சாடியின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பூத்திருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அது பசளையின் உப்பு. லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் களனி கங்கையிலிருந்தும் கொழும்புக்கு வருகிற குழாய்த் தண்ணீர் மென்மையானது. அதனால் இங்கே சேருகிற உப்பில் பெரும்பகுதி பசளையிலிருந்தும், சரியாகக் கழுவாத தும்புச்சோற்றிலிருந்தும், கடற்காற்றிலிருந்தும் வருகிறது. காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கமாக, கடலைப் பார்த்த பல்கனி உள்ளவர்கள் இந்தப் படியைக் கட்டாயம் செய்யுங்கள். அங்கே யன்னல் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிற காற்றுத்தான் சாடி மண்ணுக்கும் வருகிறது.

துளை போட்ட வாளியின் அடியில் நுளம்பு வலையை விரித்து மண்ணைப் போடுங்கள். பத்து லீற்றர் மண்ணுக்கு முப்பது லீற்றர் தண்ணீர், மூன்று தடவையாக. ஒவ்வொரு தடவைக்கும் இடையில் கால் மணி நேரம் விடுங்கள். மண் குருணிக்குள் இருக்கிற உப்பு வெளியே வர நேரம் வேண்டும். ஒரே மூச்சில் ஊற்றினால் தண்ணீர் இடைவெளிகளால் ஓடிவிடும், உப்பு உள்ளேயே இருக்கும்.

தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று அறிய, மின்கடத்துதிறன் பார்க்கிற சிறு மீற்றர் இருந்தால், கடைசியாக வடிகிற தண்ணீரில் வைத்துப் பாருங்கள். 1 மில்லிசீமன்ஸுக்குக் கீழே வரும்வரை நான் கழுவுவேன்.

புதிதாகச் சேர்க்கப் போகிற தும்புச்சோற்றையும் இதே நாளில் தனியாகக் கழுவிவிடுங்கள். ஒருமுறை நான் வாங்கிய கட்டியில் "கழுவியது" என்று எழுதியிருந்தது. நம்பி அப்படியே கலந்தேன். பத்து நாளில் மெய்டன்ஹெயார் பேர்னின் இலைகள் கடதாசியாகச் சுருண்டன. மிச்சக் கட்டியை ஊறவைத்து அளந்தபோது 3 மில்லிசீமன்ஸைத் தாண்டியது. அன்றிலிருந்து உறையில் என்ன எழுதியிருந்தாலும் கழுவுகிறேன்.

வடிகிற தண்ணீரை அடிவாளியில் பிடித்து, தெளியவிட்டு, கீழே உள்ள மரங்களுக்கு ஊற்றுங்கள். குளியலறைத் துவாரத்தில் விட்டால் வண்டல் குழாயை அடைக்கும். வாளியை மறந்து மூலையில் விடவும் கூடாது. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஒரு கிழமை, பத்து நாள் போதும். நுளம்பு பெருகும்படி இடத்தை வைத்திருப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமும்கூட.

6. சூடாக்குதல்

கழுவிய மண்ணை நிழலில் பரப்பி, பதம் வரும்வரை ஈரத்தை இறக்குங்கள். பதம் எது என்றால் புட்டுக்குக் குழைத்த மா. கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். காய்ந்த மண்ணில் சூடு மெதுவாகத்தான் உள்ளே போகும், பூஞ்சண வித்துகளும் காய்ந்த நிலையில் சூட்டைத் தாங்கும். சொதசொதவென்று இருந்தால் ஆவி புகுந்து போக இடைவெளி இராது. இரண்டுக்கும் நடுவில் நில்லுங்கள்.

வெயில் உள்ள மொட்டைமாடி கிடைத்தால்: மண்ணைத் தெளிவான பொலித்தீன் பையில் நாலு விரல் கனத்துக்குத் தட்டையாக அடைத்துக் கட்டி, பலகை மேல் வையுங்கள். அதற்கு மேலே, தொடாமல் இடைவெளி விட்டு, இன்னொரு தெளிவான பொலித்தீனைக் கூடாரம்போல் இழுத்துக் கட்டுங்கள். நடுவிலிருக்கிற காற்று சூட்டைப் பிடித்து வைக்கும். பையின் நடுப்பகுதி 60 பாகை செல்சியஸில் ஒரு மணி நேரம், அல்லது 70 பாகையில் அரை மணி நேரம் நிற்க வேண்டும். ஒரு வெப்பமானியைக் குத்திப் பாருங்கள். வெப்பமானி இல்லாவிட்டால், முகில் இல்லாத நாட்களாக இரண்டு கிழமை விட்டு, இரண்டு நாளைக்கு ஒருமுறை பையைப் புரட்டிவிடுங்கள்.

மொட்டைமாடி இல்லாதவர்களுக்கு ஆவி: இனிச் சமைக்கப் போவதில்லை என்ற பழைய பானை. அடியில் மூன்று விரல் தண்ணீர், செங்கல் துண்டுகள், அதன்மேல் துளைத்தட்டு, சாக்குத் துணி, அதன்மேல் மண்ணைத் தூவுவதுபோல் போடுங்கள். அமுக்க வேண்டாம். மண்ணின் நடுவில் பெரிய நெல்லிக்காய் அளவு உருளைக்கிழங்கு ஒன்றைப் புதையுங்கள். மூடியைச் சற்றுத் திறந்து வைத்து, மேல்மண்ணால் ஆவி வரத் தொடங்கியதிலிருந்து அரை மணி நேரம் அவியுங்கள். கிழங்கு குத்தினால் இறங்கும் பதத்தில் வெந்திருந்தால் நடுவும் சூடாகியிருக்கிறது. கிழங்கை எறிந்துவிடுங்கள்.

அதற்கு மேல் விட வேண்டாம். "இன்னும் கொஞ்சம் அவிந்தால் நல்லது" என்று ஒரு மணி, ஒன்றரை மணி விடுகிறவர்கள் உண்டு. மிதமிஞ்சிச் சூடாக்கிய மண்ணில் அமோனியாவும் கரையும் மங்கனீசும் கூடி, வேருக்கு நஞ்சாகும். மூக்கைக் குத்துகிற வாடை வந்தால் அளவு தாண்டிவிட்டது.

கொதிதண்ணீரை மேலால் ஊற்றுவது போதாது. ஊற்றிய கையோடு சூடு இறங்கிவிடும், ஈரமண்ணில் பெருகுகிற சின்ன ஈயின் மேலே கிடக்கிற புழுக்கள் மட்டும் சாகும். மைக்ரோவேவ் வேண்டாம், சாப்பாடு சூடாக்குகிற பெட்டி அது.

7. சேர்த்தல்

இப்போதுதான் எருவின் முறை. சூடாக்கும் முன் எருவைக் கலந்தால் அதிலுள்ள நல்ல நுண்ணுயிர்களும் சேர்ந்து அழியும். சூடாக்கிய மண் வெறும் வீடு போன்றது, முதலில் வருகிறவர்கள் குடியேறுவார்கள். நல்ல எருவின் உயிர்கள் முந்திக்கொண்டால் அழுகல் பூஞ்சணத்துக்கு இடம் குறையும். நன்றாக உக்கி, மழைபெய்த மண்வாசம் வருகிற கூட்டெருவே வேண்டும். பையைத் திறந்ததும் சின்ன ஈ கிளம்பினால் அதைத் திருப்பிக் கொடுங்கள்.

பொஸ்டன் பேர்னுக்குப் பத்துக் கோப்பைக் கணக்கு: பழைய மண் நாலு, கழுவிய தும்புச்சோறு இரண்டு, பொச்சுமட்டைத் துண்டு இரண்டு, கருக்கிய உமி ஒன்று, கூட்டெரு ஒன்று. மட்டையை ஒரு சென்ரிமீற்றர் அளவில் வெட்டி, இரவு முழுக்க மூடி ஊறவைத்து, அந்தக் கபிலத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். உமி கருகி இருக்க வேண்டும், சாம்பலாகக் கூடாது. சாம்பல் மண்ணைக் காரமாக்கும், பொஸ்டன் பேர்னுக்குச் சற்று அமிலமான மண்ணே பிடிக்கும்.

மெய்டன்ஹெயாருக்கு இதே கலவையுடன் ஐந்து லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி டொலமைட் சுண்ணாம்புத் தூள். இந்த இனத்தில் பல சுண்ணக்கல் பாறைகளில் வளர்பவை.

பறவைக்கூடு போல வட்டமாக இலை விரிக்கிற அஸ்பிளேனியத்துக்குக் கணக்கே வேறு. அது காட்டில் மரக்கிளையில் ஒட்டி வளர்வது. பழைய மண் இரண்டு, மட்டைத் துண்டு ஐந்து, சிரட்டைக்கரி, தும்புச்சோறு, எரு ஒவ்வொன்று. மான்கொம்புப் பேர்னுக்குப் பழைய மண்ணே வேண்டாம், பலகையிலோ மட்டையிலோ கட்டுங்கள்.

கடல்மணல் சேர்க்காதீர்கள். தேத்தண்ணிச் சக்கையும் வேண்டாம். சீனியும் பாலும் பட்ட சக்கையில் பூஞ்சணம் பிடித்து, மூன்று நாலு கிழமையில் வீடு முழுக்கச் சின்ன ஈ பறக்கும்.

8. ஆறவிட்டுச் சோதித்தல்

கலவையைப் புட்டுப் பதத்து ஈரத்தில், துளையுள்ள வாளியில் போட்டு, துணியால் மூடி இரண்டு கிழமை நிழலில் வையுங்கள். அவசரப்பட்டு அன்றைக்கே நட்டவர்கள் பலர் கன்றை இழந்தார்கள். சூடாக்கலில் கிளம்பிய அமோனியாவை நுண்ணுயிர்கள் மாற்றி முடிக்க இந்த நாட்கள் தேவை.

பிறகு சிறு கோப்பை ஒன்றில் மண்ணைப் போட்டுப் பத்துப் பயறு ஊன்றுங்கள். நாலைந்து நாளில் எட்டு ஒன்பது முளைத்து, வேர்நுனி வெள்ளையாக இருந்தால் மண் தயார். நுனி கபிலமானால் ஐந்தாவது படிக்குத் திரும்பி ஒருமுறை கழுவுங்கள்.

வடிகாலையும் பாருங்கள். ஒரு சாடியில் நிரப்பி ஒரு தடவை நனைத்து, மறுபடி ஒரு கிளாஸ் தண்ணீர் ஊற்றினால் பத்து விநாடிக்குள் மேலே நிற்பது இறங்க வேண்டும். நின்றால் மட்டைத் துண்டு இன்னும் ஒரு கோப்பை.

9. நடுதல்

சாடித் துளையில் நுளம்பு வலைத் துண்டு மட்டும் போதும். அடியில் கல் அடுக்குவது பழைய வழக்கம். கல்லுக்கு மேலே மண் தொடங்குகிற இடத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும், வேருக்குக் கிடைக்கிற காற்றுள்ள மண்ணின் உயரம்தான் குறையும்.

கன்றின் வேரை உதறும்போது பயப்படாதீர்கள். பேர்ன் வேர் இயல்பிலேயே கறுப்பு, கபிலம், கம்பிபோல் இருக்கும். அதைச் செத்த வேர் என்று நினைத்து முழுவதையும் வெட்டிவிடுவார்கள். ஒரு வேரை விரலிடையில் பிடித்து இழுத்துப் பாருங்கள். தோல் உறைபோல் கழன்று, உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் செத்தது. உறுதியாக நின்று, நுனி வெளிறி இருந்தால் உயிருள்ளது.

முன்பு இருந்த உயரத்திலேயே நடுங்கள், குருத்து வருகிற நடுப்பகுதியை மண்ணால் மூடக்கூடாது. கையால் அழுத்தாமல் சாடியை இரண்டு தடவை தரையில் தட்டினால் மண் தானாகப் படியும். மேலே இரண்டு விரல் இடம் விடுங்கள்.

10. முதல் ஆறு கிழமை

நேர்வெயில் படாத வெளிச்சம். பசளை ஒன்றும் வேண்டாம், கலவையிலுள்ள எருவே போதும். ஆறு கிழமைக்குப் பிறகு அல்பேர்ட் கரைசல் என்ற பசளையைப் பெட்டியில் எழுதியதில் காற்பங்கு அளவில், மாதம் ஒருமுறை, ஈர மண்ணில் ஊற்றுங்கள். அடித்தட்டில் தேங்கிய தண்ணீரை அன்றன்றே கொட்டுங்கள்.

நட்ட முதல் இரண்டு கிழமையில் பழைய இலைகள் சில பழுப்பாகி விழும். அதைப் பார்த்துத் தண்ணீரைக் கூட்ட வேண்டாம். நுனி மட்டும் கருகினால் உப்பு மிச்சம், சாடியோடு வைத்து மண்ணின் அளவைப்போல் மூன்று மடங்கு தண்ணீர் ஊற்றி வடியவிடுங்கள். மண் ஈரமாக இருக்கும்போதே இலை முழுதும் வெளிறித் தொய்ந்தால் காற்றுப் போதாது. அப்போது அரித்தலில் பொடி மிஞ்சியிருக்கிறது.

சாடியின் அடியில் திகதியையும், இந்த மண் எத்தனையாவது தடவை என்பதையும் பெயின்ற் பேனாவால் எழுதுங்கள். நான் ஒரு மண்ணை இரண்டு தடவைக்கு மேல் பேர்னுக்குத் திருப்புவதில்லை. மூன்றாவது தடவை அது கீழ்வீட்டுக் கறிவேப்பிலைக்குப் போய்விடும்.